ஒன்று புள்ளி எட்டு

விஸ்வால்டிஸ் க்ரௌக்லிஸ், டௌகவ்பில்ஸ் நகரம்,
வயது ஐம்பத்து மூன்று. டிராம் கம்பி பழுதுபார்ப்பவர்.
வந்த காரணம் என்ற இடத்தில் டாக்டர் ருதா எழுதியிருக்கிறார்:
அண்ணாந்தால் தலைசுற்றல். மூன்று முறை.
மூன்றாம் முறை ஏணிவண்டியின் தட்டில்.
கையிலிருந்த குறடு பனிக்குள் விழுந்து
அரைமணி நேரம் தேடியிருக்கிறார்கள்.
குறடு கிடைத்துவிட்டது.

சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றிப் படுத்தார்.
கழுத்தில் கூழைத் தடவினேன்.
குளிரும் என்று நான் சொல்வதற்குள்
"மைனஸ் பதினெட்டில் கம்பி கட்டியவன்" என்றார்.

இடப்பக்கம் முதலில்.
எலும்புக்கு எலும்பு ஒரு சின்னச் சன்னல்;
அத்தனை சன்னல்களிலும் நுழைந்து நுழைந்து
ஏறிப் போகிறது ரத்தம், மூளையின் பின்கட்டுக்கு.
ஒலிபெருக்கியில் யாரோ ஈரத்துணியை உதறுகிறார்கள்.
நாலு புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
நல்ல அகலம்.

வலப்பக்கம்.
தேடினேன்.
கருவியைச் சாய்த்து, அழுத்தி, விட்டு, மறுபடி சாய்த்து,
எலும்பின் நிழலுக்கும் நிழலுக்கும் நடுவே
ஊசிக்குப் போகிற நூல்போல ஒன்று.
ஒன்று புள்ளி எட்டு.
காகிதம் கிழிகிற சத்தம், பிறகு மௌனம்,
பிறகு இன்னொரு கிழிசல்.

"அடைப்பா?" கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.
அடைப்பில்லை. சுவரில் படிவும் இல்லை.
இது ஒடுங்கிப்போன குழாயல்ல,
விரியவே விரியாதது.
பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான்.
"அப்படியென்றால் இத்தனை வருஷமும்?"
இத்தனை வருஷமும் இடது இரண்டுக்குமாகச் சுமந்திருக்கிறது.
மண்டைக்குள் இரண்டும் சேர்ந்து ஒரே குழாயாகும் இடத்தில்
யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்ற கணக்கு கிடையாது.

அவர் சிரித்தார். கழுத்து அசைந்து படம் கலைந்தது.
"எங்கள் பணிமனையிலும் அப்படி இரண்டு பேர் உண்டு."

பலருக்கு இருக்கிறது இந்த நூல்.
பலர் அதை அறியாமலே கிழவராகி
வேறெதிலோ சாகிறார்கள்.
சிலருக்கு மட்டும்
சர்க்கரையும் சிகரெட்டும் ரத்த அழுத்தமும்
கைகோத்து வரும் ஒரு காலையில்
சிறுமூளையின் ஓர் ஓரம் வாடிப்போகிறது.
அப்போது எல்லோரும் பழைய படங்களைத் தோண்டி எடுத்து
நூலைக் காட்டி, இதோ, என்கிறார்கள்.
இதோதானா என்று நூலுக்குத் தெரியாது.

"நான் ஏணியில் ஏறலாமா?"
அதை டாக்டர் ருதா சொல்வார், என்றேன்.
உண்மைதான். கொஞ்சம் கோழைத்தனமான உண்மை.

துடைத்துக்கொள்ளத் தாளை நீட்டினால்
"வலதை இன்னொரு தடவை கேட்கலாமா" என்கிறார்.
கேட்க வைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டார்.
"கம்பியில் பனி ஒட்டியிருக்கும்போது டிராம் இப்படித்தான் போகும்.
ஒரு பொறி. இருட்டு. ஒரு பொறி.
உள்ளே விளக்கு துடிக்கும்.
ஆனால் வண்டி நிற்பதில்லை."
காதுக்குக் கீழே துடைக்காத கூழோடு கிளம்பிப் போனார்.

மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு
கருவியை என் கழுத்திலேயே வைத்தேன்.
இடது மூன்று புள்ளி நாலு.
வலது மூன்று புள்ளி நாலு.
பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம்.
ஆனாலும் நவம்பரிலிருந்து
எங்கள் வீட்டு மாடிப்படியின் இரண்டாம் திருப்பத்தில்
சுவர் ஓர் அடி நகர்ந்துகொள்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.

அறிக்கையில் கடைசிக் கட்டம் பாக்கி:
மருத்துவ முக்கியத்துவம்.
இல்லை என்று தட்டினேன். அழித்தேன்.
உண்டு என்று தட்டினேன். அதையும்.
பிறகு எல்லோரும் எழுதுவதையே எழுதினேன்:
தெளிவில்லை. மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்.
டிராம் சொன்னதை எழுத இடமில்லை.

வெளியே ஒன்றாம் எண் வண்டி திரும்பும் சத்தம்.
கம்பியில் நீலப் பொறி தெறித்திருக்க வேண்டும்.
எங்கள் அறை நாலாம் மாடியில்.
கம்பியைப் பார்க்க
நான் குனிய வேண்டியிருந்தது.